முதியோரை மறவாத மிஷனெரி அம்மாள்



இந்த முறை ஒரு தேவ ஊழியக்காரியின் ஜீவியத்தை உங்கள் முன்பாக வைக்கும்படி கர்த்தர் என்னை ஏவினார். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அறியாதவர்கள் நம்மில் குறைவு. கோவிலுக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்ட பெண்குழந்தைகளை மீட்டெடுத்து வளர்த்த அம்மாள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட சொல்லுவாங்க. அந்தச் சாட்சி பெரியது. ஆனால் அதே ஜீவியத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. நாடு விட்டு நாடு போய் ஊழியம் செய்த அந்த அம்மாள், வயதானவர்களை எப்படி விசாரித்தார்? எப்போது தேடிப் போனார்? எப்போது போக முடியாமல் இருந்தார்? இதை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்டதில்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் கொத்தமங்கலம் செட்டிநாட்டுச் சீமையில் உள்ள கிராமம். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீங்க. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். அந்தக் காலத்தில் ஆண்மக்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வளவு நிறைய தூண்கள், பேச ஆளில்லை. ஒரு ஆச்சியோ ஒரு ஐயாவோ ஒரு அறையில் மட்டும் விளக்குப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். பெரிய வீட்டில் மட்டும் இப்படி என்று நினைக்காதீங்க. வளைகுடா நாட்டுக்கு மகனை அனுப்பின நம் விசுவாசிகளின் ஓட்டு வீட்டிலும் இதே கதைதான். ஆகவே இந்த ஜீவிய சரித்திரம் எங்கள் ஊருக்கு மிகவும் தேவையானது.

ஏமி அம்மையார் 1867-ம் வருஷம் டிசம்பர் 16-ம் தேதி அயர்லாந்தின் வட பகுதியில் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் மாவு மில் வைத்திருந்தார். வசதியான குடும்பம், வேதத்தை நேசித்த குடும்பம். 1885-ல் தகப்பனார் நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அம்மையாருக்கு 17 வயது. மூத்த பிள்ளையாகையால் தாயாரோடு சேர்ந்து வீட்டுப் பாரத்தைச் சுமக்க வேண்டியதாயிற்று.

பெல்பாஸ்ட் நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து குடும்பமாய் வீடு திரும்புகிறார்கள். வழியில் கந்தலுடுத்த ஒரு ஏழைக் கிழவி பெரிய மூட்டையைச் சுமக்க முடியாமல் தள்ளாடி வருகிறாள். அம்மையாரும் தம்பிமார் இருவரும் ஓடிப்போய் மூட்டையை வாங்கிக்கொண்டு, அந்தக் கிழவியைக் கைத்தாங்கலாய் நடத்திக்கொண்டு போனார்கள். எதிரே கண்ணியமான சபை மக்கள் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தின் நடுவில்தான் 1 கொரிந்தியர் 3-ம் அதிகாரத்திலுள்ள சத்தியம் அம்மையாரின் உள்ளத்தில் தொனித்தது. அஸ்திபாரத்தின்மேல் பொன்னைக் கட்டுகிறோமா, வைக்கோலைக் கட்டுகிறோமா, அக்கினி அதைச் சோதிக்கும் என்கிற பகுதி அது. அன்றைக்கு மத்தியானம் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஆண்டவரோடு காரியத்தைத் தீர்த்துக்கொண்டார். நித்தியத்துக்கு நிற்காத எதுவும் தமக்கு வேண்டாம் என்பது அன்றைய தீர்மானம். பாருங்கள் பிரியமானவர்களே, உலகம் போற்றும் ஒரு மிஷனெரி ஊழியத்தின் ஆரம்பம் ஒரு கன்வென்ஷன் மேடையில் அல்ல, ஒரு கிழவியின் மூட்டைக்குக் கீழே!

அதன்பின் மில்லில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குள் ஊழியம் செய்தார். அவர்களுக்கென்று தகரக் கொட்டகையில் ஒரு ஜெப மண்டபம் எழும்பிற்று. 1889-ல் மான்செஸ்டர் நகரத்துச் சேரியில் ஊழியம். அங்கே சரீரம் பலவீனப்பட்டது. அந்த நேரத்தில் கர்த்தர் ஒரு வயதான நண்பரை அவருக்குக் கொடுத்தார். அவர்தான் ராபர்ட் வில்சன். இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் 1875-ல் தொடங்கின பேர்போன கன்வென்ஷன் கூட்டங்களை ஸ்தாபித்தவர்களில் ஒருவர். குவேக்கர் மார்க்கத்தில் வளர்ந்த பக்திமான். மனைவியையும் மகளையும் மரணத்தில் பறிகொடுத்தவர். 1890-ல் அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தம் வீட்டுக்கு மகளாய் வந்து இருக்கும்படி அவர் கேட்க, தாயாரின் சம்மதத்தோடு அம்மையார் அங்கே போனார். பிரௌட்டன் கிரேஞ்ச் என்பது அந்த வீட்டின் பெயர். அன்பான கிழவர் என்ற அர்த்தத்தில் அவருக்கு ஒரு செல்லப் பெயரும் வைத்தார். தம் பெயரோடு வில்சன் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். இரத்த சம்பந்தமில்லை, ஆனாலும் தகப்பனும் மகளும்.

இப்போதுதான் சோதனை வருகிறது. 1892-ம் வருஷம் ஜனவரி 13-ம் தேதி, புறப்பட்டுப் போ என்கிற தேவ அழைப்பு அம்மையாரின் உள்ளத்தில் தெளிவாய் வந்தது. நம்மில் சிலர் அழைப்பு வந்தால் மறுநாளே பெட்டி கட்டுவதுதான் விசுவாசம் என்று நினைக்கிறோம். அம்மையாருக்கு அது இலேசாய் இருக்கவில்லை. தாயார் விதவை. வளர்ப்புத் தகப்பனாரோ, இந்த மகள் தன் கடைசிக் காலம் வரை கூட இருப்பாள் என்று நம்பியிருந்தவர். அவரை விட்டுப் போவது ஒரு மரணம் போல இருந்தது. தாயாருக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தாயார் அழுதுகொண்டே, பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில் எழுதினார். வில்சன் ஐயாவும் மனம் உடைந்தாலும் தடுக்கவில்லை. பிற்பாடு கெஸ்விக் கன்வென்ஷன் தாங்கி அனுப்பின முதல் மிஷனெரி அம்மையார்தான். ஸ்தாபகரே தம் வீட்டுப் பிள்ளையைக் கொடுத்தார். போகிறவர்கள் கொடுக்கிற காணிக்கையைப் பற்றி நாம் பேசுகிறோம். வீட்டில் இருந்து அனுப்புகிற வயதானவர்களின் காணிக்கையைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

முதலில் சீனா போக நினைத்தார். டாக்டர் சரீரம் தாங்காது என்று தடுத்துவிட்டார். 1893 மார்ச் 3-ம் தேதி ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். அங்கே மட்சுயே பட்டணத்தில் பார்க்லே பக்ஸ்டன் என்ற தேவ மனிதரோடு ஊழியம். பாஷை தெரியாது, மொழிபெயர்ப்பு செய்ய ஒரு ஜப்பானிய சகோதரி கூட இருந்தார்.

ஒரு நாள் வியாதிப்படுக்கையில் இருந்த ஒரு ஜப்பானியக் கிழவியைப் பார்க்கப் போனார்கள். கடுங்குளிர். அம்மையார் மேல்நாட்டு உடையில், கையில் ரோமத்தாலான கையுறை போட்டிருந்தார். சுவிசேஷத்தை எடுத்துச் சொல்லச் சொல்ல அந்தக் கிழவியின் மனம் இளகி வந்தது. இன்னும் ஒரு அடி, இரட்சிப்பின் வாசல் என்கிற நேரத்தில், அவள் கண் அம்மையாரின் கையுறையில் விழுந்தது. அது என்ன, எதனால் செய்தது என்று கேட்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். கிழவியின் கவனம் போனது போனதுதான். அம்மையார் வீட்டுக்கு வந்ததும் மேல்நாட்டு உடையைக் கழற்றி வைத்துவிட்டு ஜப்பானியரின் கிமோனாவை உடுத்திக்கொண்டார். பின்னாளில் நம் நாட்டில் சேலை கட்டிக்கொண்டதற்கும் இதுதான் ஆரம்பம்.

ஊழியத்துக்கு வெளிநாடு போகிற சகோதரர்களே, இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயதானவர்களைச் சந்திக்கப் போகும்போது நம் கையுறை எது? சில வேளை அது நம்முடைய அவசரம். சில வேளை கழுத்தில் தொங்குகிற காமிரா. சில வேளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பண்ணுகிற ஜெபம். படுக்கையில் இருக்கிறவர்களின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஜப்பானில் ஒரு வருஷத்துக்குச் சற்று மேல். தாங்க முடியாத தலைவலியும் நரம்பு வேதனையும் அம்மையாரை முடக்கிப்போட்டது. 1894-ல் ஜப்பானை விட்டுச் சீனா வழியாய் இலங்கைக்கு வந்தார். இலங்கையில் கிராமங்களில் ஊழியம் ஆரம்பித்து, சிங்கள பாஷையைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் நவம்பரில் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. வில்சன் ஐயா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார்.

என்ன செய்வது? ஊழியத்துக்கென்று புறப்பட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அனுப்பின சபைகள் என்ன நினைக்கும்? கலப்பையில் கை வைத்தவள் திரும்பிப் பார்க்கிறாள் என்று சொல்ல மாட்டார்களா? ஆனாலும் அம்மையார் தாமதிக்கவில்லை. உடனே கப்பல் ஏறினார். டிசம்பர் நடுவில் இங்கிலாந்து சேர்ந்தார். அந்த வயதானவரின் படுக்கை அருகே போய் அமர்ந்தார். ஐயா மெல்ல மெல்ல குணப்பட்டார்.

இது அழைப்பிலிருந்து பின்வாங்கினதா என்று என்னிடம் கேட்டால், இல்லை என்றுதான் சொல்லுவேன். நம் ஆண்டவரைப் பாருங்கள். யோவான் 19-ம் அதிகாரத்தில், உலகத்தின் பாவத்தையெல்லாம் சுமந்து சிலுவையில் தொங்கின அந்த வேளையிலும், தம் தாயாரை அன்பான சீஷனிடத்தில் ஒப்புவித்தார். அதைவிடப் பெரிய ஊழியம் உண்டா? அந்த ஊழியத்தின் நடுவில் அவருக்குத் தாயாரை நினைக்க நேரம் இருந்தது. அதே ஆண்டவர் மாற்கு 7-ம் அதிகாரத்தில், கொர்பான் என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடுகிறவர்களைக் கண்டித்தார். ஊழியத்தைக் காரணம் காட்டி முதியோரைத் தள்ளிவிடுவது பரிசுத்தம் அல்ல, பிரியமானவர்களே.

ஆனால் கதை இங்கே முடிந்துவிட்டால் நமக்குப் பாதிப் பாடம்தான். அம்மையார் ஐயாவோடு சுமார் 10 மாதம் இருந்தார். இதற்குள் பெங்களூரில் இருந்த ஒரு தோழி, அந்த ஊரின் சீதோஷ்ணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று எழுதினார். இங்கிலாந்து சபையின் ஜெனானா மிஷனெரி சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. 1895 அக்டோபரில் மறுபடியும் கப்பல் ஏறினார். இந்த முறை இந்தியாவுக்கு. ஐயா உயிரோடிருக்கையிலேயே, இன்னும் பலவீனமாய் இருக்கையிலேயே புறப்பட்டார். இருவரும் இந்தப் பூமியில் மறுபடி சந்திக்கவில்லை.

1895 நவம்பரில் இந்திய மண்ணை மிதித்தவர், 1951 வரை ஏறக்குறைய 55 வருஷம் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. விடுமுறைக்குக்கூடப் போகவில்லை. வாக்கர் ஐயரிடம் தமிழ் கற்றார். பொன்னம்மாள் முதலான தமிழ்ச் சகோதரிகளோடு மாட்டு வண்டியில் திருநெல்வேலிச் சீமையின் கிராமம் கிராமமாய்ப் போனார். 1901 மார்ச் மாதத்தில் கோவில் ஸ்திரீகளிடமிருந்து தப்பி ஓடிவந்த பிரீனா என்ற சிறுமி அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அன்றுமுதல் அவர் ஊர் ஊராய்ச் சுற்றுகிற சுவிசேஷகி மாத்திரம் அல்ல, அம்மா. குழந்தைகள் பெருகப் பெருக டோனாவூரை விட்டு நகர முடியாதபடி ஆயிற்று.

தாம் போக முடியாத இடத்துக்குக் கடிதங்கள் போயின. அம்மையாரின் தாயார் 1904-ல் தாமே கடல் தாண்டி டோனாவூருக்கு வந்தார்! ஒரு வருஷத்துக்கும் மேல் தங்கிக் குழந்தைகளை மடியில் வைத்து வளர்த்தார். மகள் போக முடியவில்லை, தாய் வந்தார். கர்த்தரின் கிருபையைப் பாருங்கள். 1905-ல் வில்சன் ஐயா இங்கிலாந்தில் தேவனுடைய இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். அந்தத் துக்க நேரத்தில் அம்மையாருக்கு ஆறுதலாய்ப் பெற்ற தாயாரே பக்கத்தில் இருந்தார். அதே 1905 அக்டோபரில்தான் டோனாவூரில் ஆவியானவர் பலமாய் இறங்கினார். பிள்ளைகளும் பெரியவர்களும் பாவ உணர்வடைந்து கதறி ஜெபித்த அந்த எழுப்புதலை மிஷனெரிச் சரித்திரம் படிக்கிறவர்கள் அறிவார்கள். பிறகு 1913-ல் தாயாரும் இங்கிலாந்தில் மரித்தார். அப்போதும் அம்மையார் டோனாவூரில்தான் இருந்தார்.

ஆகவே, 1894-ல் ஓடிப்போனதும் கீழ்ப்படிதல், 1905-ல் போகாமல் இருந்ததும் கீழ்ப்படிதல். எல்லாருக்கும் எப்போதும் ஒரே சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். போ என்று ஆண்டவர் சொன்னால் போக வேண்டும். இரு என்றால் இருக்க வேண்டும். ஆனால் போனாலும் இருந்தாலும், அந்த வயதானவர்கள் அம்மையாரின் உள்ளத்திலிருந்து ஒரு நாளும் இறங்கவில்லை. நாம் போகாமல் இருப்பது எதனால்? கர்த்தர் இரு என்று சொன்னதாலா, அல்லது மறந்துபோனதாலா? இதை அவனவன் தன் முழங்காலில் கேட்டுக்கொள்ளட்டும்.

எனக்கும் ஒருமுறை மலேசியாவில் கூட்டங்களுக்குப் போகக் கர்த்தர் வாசல் திறந்தார். கிள்ளான் பட்டணத்தில் எங்கள் பக்கத்துக்காரர்களான ஒரு வயதான தம்பதியார் இருந்தார்கள். அண்ணன் வாலிபத்தில் கப்பலேறிப் போய் ரப்பர் தோட்டத்தில் கணக்குப் பார்த்தவர். நான் சின்னப் பையனாய் இருந்த காலத்திலிருந்து கடிதத் தொடர்பு உண்டு. அண்ணனுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, அக்காவுக்கு மூட்டு வலி. கூட்டத்துக்கு வர முடியாது. ஒரு மத்தியானம் உள்ளூர் சகோதரர் ஒருவர் என்னை மோட்டார் சைக்கிளில் அழைத்துக்கொண்டு போனார். போய் உட்கார்ந்ததும் அண்ணன் கேட்டது பிரசங்கம் அல்ல. ஊருணியில் இந்த வருஷம் தண்ணீர் நிக்குதா, பஸ் இப்போ எத்தனை தடவை வருது, பழைய பள்ளிக்கூட வேப்பமரம் இருக்குதா, இதைத்தான் ஒன்று ஒன்றாய்க் கேட்டார். அக்கா எனக்கென்று வெள்ளைப் பணியாரம் சுட்டு வைத்திருந்தார்கள், கால் வலியோடு நின்றுகொண்டு. ஒரு மணி நேரம் ஊர்ப் பேச்சு. அப்புறம் அண்ணன் தாமாகவே, இனி ஜெபம் பண்ணு தம்பி என்று சொல்லித் தலையில் இருந்த துண்டை எடுத்தார். அந்த ஜெபத்தில் கர்த்தருடைய பிரசன்னத்தை நான் உணர்ந்தது போல அந்தப் பயணத்தில் எந்த மேடையிலும் உணரவில்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரை அடைந்த செய்தி வந்தது. அக்கா எழுதின கடிதத்தில் கூட்டங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த மத்தியானத்தைப் பற்றித்தான் இருந்தது.

அப்போஸ்தலனாகிய பவுலும் தம் கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, சீக்கிரம் வரும்படியும், மாரிகாலத்துக்கு முன்னே வரும்படியும் கேட்கிறார். மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்லுகிறார். 2 தீமோத்தேயு 4-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மூன்றாம் வானம் வரை எடுக்கப்பட்டவருக்கும் வயதான காலத்தில் குளிருக்கு ஒரு போர்வையும் பேச ஒரு ஆளும் தேவையாயிருந்தது. மாரிகாலத்துக்கு முன்னே என்பது முக்கியம். வயதானவர்களுக்கு அடுத்த மழைக்காலம் நிச்சயம் இல்லை.

ஏமி அம்மையாருடைய கடைசிக் காலத்தையும் சொல்லி முடிக்கிறேன். 1931 செப்டம்பர் 24-ம் தேதி, களக்காட்டில் மருத்துவ ஊழியத்துக்கென்று எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டுகிற நேரத்தில் அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்து கால் ஒடிந்தார். அதன்பின் ஏறக்குறைய 20 வருஷம் அறையை விட்டு அதிகம் வெளியே வர முடியாத வாழ்க்கை. வேதனை இல்லாத நாள் இல்லை. ஊர் ஊராய் ஓடின கால்கள் கட்டிலில். ஆனாலும் அந்தக் கட்டிலில் இருந்தே புஸ்தகங்கள் எழுதினார், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த அறைக்கு வந்து அருகில் உட்கார்ந்தார்கள், பாடினார்கள், விசாரித்தார்கள். பெல்பாஸ்ட் தெருவில் கிழவியைத் தாங்கினவரை, மட்சுயேயில் கிழவியின் பாயருகே முழங்கால்படியிட்டவரை, கடல் தாண்டிக் கிழவரிடம் ஓடினவரை, கர்த்தர் முதிர்வயதில் தனியே விடவில்லை. தாம் பெறாத பிள்ளைகளைக் கொண்டே அவரைத் தாங்கினார். 1951 ஜனவரி 18-ம் தேதி, 83-வது வயதில், டோனாவூரில் கர்த்தரிடம் சேர்ந்தார். கல்லறைக்கல் வைக்க வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். அந்த இடத்தில் பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மாத்திரம் இருக்கிறது. அதில் அம்மாய் என்ற ஒரு வார்த்தை.

தேவ பிள்ளைகளே, அம்மையார் நம் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் ஆவியின் கனியில் முதலாவது அன்பு என்று கலாத்தியர் 5-ம் அதிகாரத்தில் வாசிக்கிற நாம், இந்த அன்பை அவரிடம் கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் நமக்கு வேண்டும். கூடவே கிழவியின் மூட்டையைத் தூக்குகிற கையும் வேண்டும்.

மூன்று காரியம் சொல்லுகிறேன். ஒன்று, ஊழியத்துக்காக சிங்கப்பூரோ மலேசியாவோ இலங்கையோ போகிறவர்கள், கூட்டத்துக்கு வர முடியாத வயதானவர்கள் அந்த ஊரில் யார் என்று முன்கூட்டியே விசாரித்து ஒரு மத்தியானத்தை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். இரண்டு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், பணம் அனுப்பினதோடு நிறுத்தாமல் வாரத்துக்கு ஒரு தரமாவது அப்பா அம்மாவோடு பேசி, போனிலேயே சேர்ந்து ஜெபம் பண்ணுங்கள். மூன்று, கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் இருக்கிற நாம், நம் தெருவில் தனித்திருக்கிற ஆச்சிமாரையும் ஐயாமாரையும், அவர்கள் எந்த மார்க்கத்தாராய் இருந்தாலும், போய் விசாரிப்போம். பிரசங்கம் பண்ண அவசரப்படாமல், ஊருணித் தண்ணீரைப் பற்றிப் பேச நேரம் கொடுப்போம். நம் கையுறைகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவோம்.

ஜெபிப்போமாக. அன்பின் பரலோகப் பிதாவே, இந்த மடலை வாசிக்கிற ஒவ்வொரு வீட்டிலும் முதிர்வயதில் தனித்திருக்கிறவர்களை நினைத்தருளும். பிள்ளைகள் தூரத்தில் இருந்தாலும் நீர் சமீபமாய் இருப்பீராக. உம்முடைய ஊழியக்காரராகிய எங்களுக்குப் போக வேண்டிய வேளையையும் இருக்க வேண்டிய வேளையையும் உணர்த்தும். மாரிகாலத்துக்கு முன்னே போய்ச் சேரக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. அல்லேலூயா!

கிறிஸ்துவின் பணியில் உங்கள் சகோதரன்,
கொத்தமங்கலம்.